மிதிவண்டியில் புறப்படும் ஈகை

 

கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகளிடமிருந்து புதுமையானதொரு வேண்டுகோள் வருவதை உங்களில் சிலர் கண்டிருக்கலாம். "அத்தா! வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் என் நண்பர்களும் சேர்ந்து நாற்பது மைல் சைக்கிள் ஓட்டப் போகிறோம். நீங்கள் மைலுக்கு எவ்வளவு தருவீர்கள்?" என்று தொலைபேசியில் மகன் கேட்பான். வீட்டிலிருக்கும் பெரியவருக்கு ஒன்றும் விளங்காது. சைக்கிள் ஓட்டுபவன் அவன். அதற்கு நாம் ஏன் பணம் தர வேண்டும்? இது என்ன பந்தயமா, விளையாட்டா, வேடிக்கையா?

பந்தயமும் அன்று, வேடிக்கையும் அன்று. உலகின் ஏதோ ஒரு மூலையில் பூமி அதிர்ந்து வீடுகள் இடிந்திருக்கும். வெள்ளம் புகுந்து ஊர்கள் அழிந்திருக்கும். அந்த மக்களுக்காக நிதி திரட்டும் ஒரு வழியே இது. நண்பர்கள் சிலர் கூடித் தம் உடலை வருத்தி நெடுந்தொலைவு மிதிவண்டி ஓட்டுவார்கள். உற்றாரும் உறவினரும் அண்டை வீட்டாரும் அவர்கள் கடக்கும் ஒவ்வொரு மைலுக்கும் இவ்வளவு என்று முன்கூட்டியே வாக்களிப்பார்கள். பயணம் முடிந்தபின் வாக்களித்த தொகை வசூலிக்கப்பட்டுத் துயருற்றோருக்கு அனுப்பப்படும். ஓட்டியவருக்கு அதில் ஒரு காசும் கிடையாது. இங்கிலாந்து போன்ற நாடுகளில் பள்ளிச் சிறுவர் முதல் முதியோர் வரை பழகிப்போன வழக்கம் இது.

இந்த வழக்கம் நம் பகுதிக்கும் பொருந்துமா? மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா? காட்டுப்பள்ளி, மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஆலைகளிலும் துறைமுகங்களிலும் உழைக்கும் நம் இளைஞர்கள் இப்படியொரு நற்செயலில் இறங்கினால், எதைச் செய்ய வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும்? இவற்றைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம், வாருங்கள்.

சிறுவன் ஒருவனும் இளைஞர் எண்மரும்

2010 ஜனவரி 12 ஆம் நாள் கரீபியக் கடலிலுள்ள ஹெய்ட்டி நாட்டைக் கொடிய நிலநடுக்கம் தாக்கியது. தலைநகரமே தரைமட்டமாயிற்று. இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டு மனம் கலங்கிய லண்டன் சிறுவன் ஒருவனுக்கு அப்போது வயது ஏழு. தன் வீட்டருகிலுள்ள பூங்காவை மிதிவண்டியில் சுற்றிச் சுற்றி வந்து ஐந்து மைல் ஓட்டுவது, அதன்மூலம் 500 பவுண்டு திரட்டி ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியமான யுனிசெஃபுக்குத் தருவது என்பதே அவன் திட்டம். செய்தி பரவியது. முன்பின் அறியாதவர்கள் எல்லாம் பணம் அனுப்பினார்கள். ஐந்நூறு பவுண்டு கேட்ட பிள்ளைக்கு வந்து சேர்ந்ததோ இரண்டு இலட்சம் பவுண்டுக்கும் மேல்!

ஐந்து மைல் என்பது எட்டுக் கிலோமீட்டர். நம் ஊரில் பால் ஊற்றுபவர் ஒரு காலை வேளையில் இதைவிட அதிகம் ஓட்டுகிறார். ஆகவே, அந்த மக்கள் வாரி வழங்கியது தொலைவுக்காக அன்று. பிறர் துயரைக் கண்டு ஒரு பிஞ்சு உள்ளம் எழுந்து நின்றதே, அதற்காகத்தான் வழங்கினார்கள்.

மற்றொரு நிகழ்ச்சி நம் சமுதாயத்தைச் சேர்ந்தது. 2017 ஜூலை மாதம் பிரிட்டிஷ் முஸ்லிம்கள் எட்டுப் பேர் கிழக்கு லண்டனிலிருந்து மிதிவண்டியில் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றைக் கடந்து, மலையேறி, வெயிலில் வாடி, 3,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து ஆகஸ்ட் மாதத்தில் மதீனா மாநகரை அடைந்தார்கள். உள்நாட்டுப் போரால் சிதைந்து கிடந்த சிரியா மக்களின் மருத்துவ உதவிக்கு நிதி திரட்டுவதே அந்தப் பயணத்தின் நோக்கம். விமானத்தில் ஏறினால் சில மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடத்துக்கு வாரக்கணக்கில் மிதித்துச் சென்றார்கள் என்றால், வழியெங்கும் உள்ளவர்களைத் திரும்பிப் பார்க்கச் செய்து சிரியாவின் துயரை எடுத்துச் சொல்வதற்காகத்தான்.

ஆம், இந்த மிதிவண்டிப் பயணங்களின் உண்மையான பயன் இதுவே. பணம் மட்டும் வேண்டுமென்றால் உண்டியலை நீட்டினால் போதும். உண்டியலில் விழும் காசு விழுந்த மறுகணமே மறக்கப்பட்டுவிடும். "மைலுக்கு இரண்டு ரூபாய்" என்று எழுதிக் கொடுத்தவரோ, பயணம் முடியும்வரை அந்தப் பிள்ளையையும் அவன் எதற்காக ஓட்டுகிறான் என்பதையும் நினைத்துக்கொண்டே இருப்பார்.

நமக்கு இது புதிதா?

"வெள்ளைக்காரன் வழக்கம் நமக்கு எதற்கு?" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு நம் ஊர்த் திடல்களை நினைவூட்ட விரும்புகிறேன். நாற்பது வயதைக் கடந்த வாசகர்கள் எவரும் மறந்திருக்க முடியாத காட்சி அது. ஊர்ப் பொதுத் திடலில் கம்பம் நட்டு, விளக்குக் கட்டி, ஒலிபெருக்கி முழங்க, ஓர் இளைஞர் இரவு பகலாகக் கீழே இறங்காமல் நாட்கணக்கில் சைக்கிள் ஓட்டுவார். ஓட்டியபடியே உண்பார், ஓட்டியபடியே குளிப்பார். ஊரார் கூடி நின்று ஐந்து ரூபாயும் பத்து ரூபாயும் அவர் சட்டையில் ஊசியால் குத்திவிடுவார்கள். அது அவருடைய பிழைப்பு. இங்கே நாம் பேசுவது பிறர் பிழைப்பதற்கான முயற்சி. உழைப்பைக் கண்டு மனமிரங்கிக் கொடுக்கும் பழக்கம் நம் மண்ணில் முன்பே வேரூன்றியது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கடல் கடந்து உதவுவதும் நமக்குப் புதிதன்று. 1912 ஆம் ஆண்டு பால்கன் போரில் துருக்கியப் படைவீரர்கள் காயமுற்று மருத்துவமின்றித் தவித்தபோது, இந்திய முஸ்லிம்கள் நாடெங்கும் நிதி திரட்டினார்கள். மருத்துவர் எம்.ஏ. அன்சாரி அவர்களின் தலைமையில் ஒரு மருத்துவக் குழு அவ்வாண்டு டிசம்பரில் பம்பாயிலிருந்து கப்பலேறித் துருக்கி சென்று சேவை புரிந்து, 1913 இல் தாயகம் திரும்பியது. பின்னாளில் இந்திய தேசியக் காங்கிரஸின் தலைவராக விளங்கிய அந்த அன்சாரி அவர்கள் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

இன்னும் பின்னோக்கிச் செல்வோம். ஹிஜ்ரி 18 ஆம் ஆண்டு மதீனாவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கடும் பஞ்சம் நிலவியது. மண் சாம்பல் நிறமாகிப் போனதால் அவ்வாண்டையே சாம்பல் ஆண்டு என்று வரலாறு குறிக்கிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தொலைதூர மாகாணங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். சிரியா முதலிய இடங்களிலிருந்து உணவுப் பொருட்கள் வந்து குவிந்தன. பஞ்சம் ஓர் இடத்தில், பரிவு பல இடங்களில்! பேரிடர் நிவாரணம் என்று இன்று நாம் சொல்வதன் இலக்கணம் அன்றே வகுக்கப்பட்டுவிட்டது.

மிதிவண்டியையும் ஈகையையும் ஒருசேர இணைத்த ஒரு சிறுமி நம் தமிழகத்திலேயே உண்டு. விழுப்புரத்தைச் சேர்ந்த அந்தப் பள்ளிச் சிறுமி, மிதிவண்டி வாங்க வேண்டும் என்ற ஆசையில் நான்கு ஆண்டுகளாக உண்டியலில் காசு சேர்த்து வந்தாள். 2018 ஆகஸ்டில் கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கியபோது, சேர்த்திருந்த ஏறத்தாழ 9,000 ரூபாயையும் வெள்ள நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டாள். செய்தியறிந்த மிதிவண்டி நிறுவனம் ஒன்று அவளுக்குப் புதிய மிதிவண்டியை அன்பளிப்பாக வழங்கியது. லண்டன் சிறுவன் மிதிவண்டி ஓட்டிக் கொடுத்தான். நம் விழுப்புரத்துச் சிறுமியோ மிதிவண்டியையே விட்டுக்கொடுத்தாள். இருவரில் யார் உயர்ந்தவர் என்று நாம் எடைபோட வேண்டியதில்லை.

மார்க்கத்தின் பார்வையில்

இனி, மதரஸாவில் ஓதிக்கொடுப்பவன் என்ற முறையில் என்னிடம் கேட்கப்படும் சில ஐயங்களுக்கு வருகிறேன்.

முதலாவது ஐயம்: இது சூதாட்டம் ஆகாதா? ஆகாது. இருதரப்பும் பணம் வைத்து ஒருவர் வெல்ல மற்றவர் இழப்பதே சூது. இங்கே ஓட்டுபவர் எதையும் வெல்வதில்லை. கொடுப்பவரும் திரும்பப் பெறும் எண்ணத்தில் பணம் வைப்பதில்லை. தருமம் செய்வதாக ஒருவர் வாக்களிக்கிறார். அதன் அளவைக் கிலோமீட்டரால் அளந்து கொள்கிறார், அவ்வளவே. வாக்களித்தால் நிறைவேற்றுவது முஃமினின் பண்பு. எனவே, "எழுதிக் கொடுத்தேன், பிறகு பார்க்கலாம்" என்று இழுத்தடிப்பதுதான் இதில் தவறாக முடியும். ஆனால், "யார் முதலில் வருவார்?" என்று பார்வையாளர்கள் தமக்குள் பணம் கட்டத் தொடங்கினால் அது வேறு கதை. அதற்கு இம்மியும் இடம் தரக் கூடாது.

இரண்டாவது ஐயம்: இது விளம்பரத் தருமம் அல்லவா? வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருப்பதல்லவா சிறப்பு? நியாயமான கேள்வி. தருமத்தை வெளிப்படையாகச் செய்வதும் நன்றே, மறைத்து ஏழைகளுக்கு வழங்குவது அதனினும் சிறந்தது என்ற கருத்தைத் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. வெளிப்படையான தருமம் விலக்கப்படவில்லை என்பதை இதிலிருந்து அறிகிறோம். அதன் பயனை விளக்கும் நிகழ்ச்சி ஒன்றும் நபிமொழித் தொகுப்புகளில் உள்ளது. வறுமையால் வாடிய முளர் குலத்தார் சிலர் கிழிந்த கம்பளி உடுத்தி வந்து நின்றபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் வாட்டமுற்றது. தொழுகைக்குப்பின் மக்களிடம் தருமத்தை வலியுறுத்திப் பேசினார்கள். அன்சாரித் தோழர் ஒருவர் கை தாங்கமுடியாத அளவுக்குக் கனத்த பணப்பையுடன் முதலில் எழுந்து வந்தார். அவரைக் கண்டு ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் கொண்டுவந்து குவித்தார்கள். உணவும் உடையும் இரண்டு குவியல்களாக உயர்ந்தன. நபியவர்களின் முகம் மலர்ந்தது. நல்ல வழியைத் தொடங்கி வைத்தவருக்கு, அதைப் பின்பற்றியவர்களின் நற்கூலியைப் போன்றதும் உண்டு என்று அப்போது அறிவித்தார்கள்.

முதலில் எழுந்து வந்த அந்தத் தோழரின் இடத்தில்தான் நம் இளைஞர்கள் நிற்கிறார்கள். ஆயினும், நிய்யத்தைக் காத்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. பயணம் முடிவதற்குள் படம் பிடித்துப் பதிவிடுவதும், பெரிய எழுத்தில் பெயர் போட்டுச் சுவரொட்டி ஒட்டுவதும், மாலை மரியாதைக்கு ஏங்குவதும் இக்லாஸைக் கரையான்போல் அரித்துவிடும். பாதிக்கப்பட்டோரின் துயரம் பெரிதாகத் தெரிய வேண்டும். ஓட்டுபவரின் உருவம் சிறிதாகத் தெரிந்தால் போதும்.

மூன்றாவது ஐயம்: இதற்கு ஜகாத் பணத்தைக் கொடுக்கலாமா? ஜகாத்துக்கு உரியவர்கள் இன்னின்னார் என்று எட்டு வகையினரைத் திருக்குர்ஆன் வரையறுத்திருக்கிறது. அதை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்வதிலும் சட்ட நெறிகள் உள்ளன. உள்ளூரில் உரியவர்கள் இருக்கும்போது வெளியூருக்கு மாற்றக் கூடாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. ஹனஃபீ மத்ஹபில் அது மக்ரூஹ் எனினும், உறவினருக்கோ கூடுதல் தேவையுடையோருக்கோ அனுப்பினால் மக்ரூஹ் ஆகாது. மேலும், பேரிடர் நிவாரணம் சாதி சமயம் பாராமல் அனைவருக்கும் செல்வது. அவ்வாறே செல்லவும் வேண்டும். எனவே ஜகாத்தை அதற்குரிய வழியில் நிறைவேற்றிவிட்டு, இதற்கு உபரியான தருமமாகிய சதக்காவைக் கொடுப்பதே பேணுதலான வழி. சதக்காவை முஸ்லிமல்லாத சகோதரர்களுக்கும் தாராளமாக வழங்கலாம்.

நம் வீடே ஒழுகும்போது...

நான்காவது கேள்வி ஒன்றுண்டு. அது ஏட்டிலிருந்து எழுவதன்று, வயிற்றிலிருந்து எழுவது. "நம் ஊரிலேயே ஆயிரம் கஷ்டம். கடல் கடந்தவனுக்கு எதற்கு?" என்ற கேள்வி அது.

காட்டுப்பள்ளியில் நின்று இதைக் கேட்பவரை எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகமும் பழவேற்காட்டுக் காயலும். இடையில் ஒடுங்கிய மணல்திட்டு. அந்தத் திட்டின்மீது துறைமுகமும், கப்பல் கட்டும் தளமும், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீரைச் சென்னைக்காக உருவாக்கும் திறனுடன் 2010 இல் திறக்கப்பட்ட நிலையமும் எழுந்துள்ளன. அவற்றுக்காக இடம்பெயர்ந்த மீனவக் குடும்பங்களும் இங்கே வாழ்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இந்தக் கரையையும் தாக்கியது. 2016 டிசம்பரில் வர்தா புயல். 2017 ஜனவரி 28 ஆம் நாள் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியது. இளைஞர்களும் மீனவர்களும் வாளியால் அந்தக் கரிய எண்ணெயை அள்ளி அள்ளி எடுத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் கலந்து, படகும் வலையும் பாழாகி, மீனவர்கள் தொழிலின்றி வாடினார்கள். இத்தனையும் பட்டவர்களிடம் போய், "இலங்கைக்குக் கொடுங்கள், துருக்கிக்குக் கொடுங்கள்" என்று எந்த முகத்தோடு கேட்பது?

நியாயமான கேள்விதான். அண்டை வீட்டான் பசித்திருக்க வயிறார உண்பவன் முஃமின் ஆகமாட்டான் என்று போதித்த மார்க்கம் நம்முடையது. உள்ளூர் ஏழையை மறந்துவிட்டு வெளியூர்த் துயருக்குக் கண்ணீர் வடிப்பது அழகாகாது. ஆனால், "உள்ளூரில் கஷ்டம் இருக்கிறது" என்று சொல்பவர்களில் எத்தனை பேர் அந்த உள்ளூர்க் கஷ்டத்துக்கேனும் கொடுக்கிறார்கள்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்! தூரத்துக்குக் கொடுக்கப் பழகிய கைதான் பக்கத்துக்கும் கொடுக்கும். மூடிப் பழகிய கை இரண்டுக்கும் மூடியே இருக்கும்.

அண்டை வீடு எதுவரை நீள்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைச் சூறையாடியது. கண்டி, நுவரெலியா, பதுளை முதலிய மலைநாட்டுப் பகுதிகளில் மலை சரிந்து வீடுகள் புதைந்தன. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைக்கும் நம் தமிழ் மக்களும் அந்த மலைகளில்தான் வாழ்கிறார்கள். அதே புயல் வலுவிழந்த நிலையில் நம் கடலோரம் வந்து நின்று, டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் மழையால் நனைத்தது. அங்கே மலையைச் சரித்த அதே மேகம் இங்கே எண்ணூரிலும் பெய்தது! அந்தப் புயலின் பெயர் யமன் நாடு வழங்கியது. சொகோத்ரா தீவிலுள்ள ஒரு காயலின் பெயர் அது. காயல் ஒன்றின் பெயர் தாங்கி எழுந்த புயல், ஒரு தீவை அழித்துவிட்டு, மற்றொரு காயலோரத்தில் வாழும் நம்மை நனைத்துவிட்டுப் போனது. இனி யாரை அண்டை வீட்டார் என்பது, யாரை அயலார் என்பது?

2004 இல் நம் கரையோரம் சிதைந்தபோது, பெயர்கூடத் தெரியாத நாடுகளிலிருந்து மக்கள் கொடுத்த பணம் தொண்டு நிறுவனங்கள் வழியாக வந்து, தமிழகக் கடலோரத்தில் வீடுகளாகவும் படகுகளாகவும் மாறியது. அவற்றில் எத்தனை ரூபாய், எவரெவர் மிதித்த மிதிவண்டியிலிருந்து வந்ததோ, அல்லாஹ்வே அறிவான். பெற்ற கை கொடுக்கவும் அறிந்திருக்க வேண்டும். 2022 இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது அரிசியும் பால்மாவும் மருந்தும் ஏற்றிய கப்பல் மே 18 ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டதே, அது தமிழக அரசு காட்டிய நல்ல முன்மாதிரி. அதற்காக முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு மக்களும் நன்கொடை அளித்தார்கள்.

நம் இளைஞர்கள் செய்வதென்றால்

காட்டுப்பள்ளி வட்டாரத்தில் வேலை பார்க்கும் நண்பர்கள் ஐவர் இத்தகைய பயணம் ஒன்றைத் திட்டமிடுவதாக வைத்துக்கொள்வோம். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி ஏறக்குறைய 20 கிலோமீட்டர். போய்வந்தால் 40. கிலோமீட்டருக்கு 2 ரூபாய் தர ஒருவர் முன்வந்தால் அவர் பங்கு 80 ரூபாய். ஒவ்வொருவரும் 25 பேரிடம் வாக்குறுதி பெற்றால் ஆளுக்கு 2,000 ரூபாய். ஐவருக்கும் சேர்த்து 10,000 ரூபாய். எண்பது ரூபாய் என்பது இரண்டு மூன்று நாள் தேநீர்ச் செலவு. ஒரு குடும்பத்தையும் வருத்தாமல் இப்படியொரு தொகை சேர்ந்துவிடுகிறது. வட மாநிலங்களிலிருந்து வந்து நம்மோடு உழைக்கும் தொழிலாளச் சகோதரர்களும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று எழுதிக் கொடுக்க இதில் இடமுண்டு. பேரீச்சம்பழத்தின் பாதியைக் கொண்டேனும் தருமம் செய்யச் சொன்ன மார்க்கமல்லவா நம்முடையது!

பாதையைத் தேர்ந்தெடுப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். மீஞ்சூர், வல்லூர், அத்திப்பட்டு வழியாகத் துறைமுகங்களுக்குச் செல்லும் சாலையில் சரக்குப் பெட்டக லாரிகள் வரிசை வரிசையாக ஓடுகின்றன. லாரியின் இடப்பக்கம் ஒட்டி வரும் மிதிவண்டியை ஓட்டுநரால் காண இயலாது. அந்தச் சாலையை வேலைக்குச் செல்ல வேண்டிய கட்டாயத்தால் பயன்படுத்துகிறோம். நற்செயலுக்காக நாமே தேடிப் போய் ஆபத்தில் விழ வேண்டுமா? உயிரைப் பேணுவது மார்க்கக் கடமை. பழவேற்காட்டுச் சாலை போன்ற, நெரிசல் குறைந்த வழியைத் தேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை சுபுஹுத் தொழுகைக்குப்பின் வெளிச்சம் வந்ததும் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். தலைக்கவசம் அவசியம். ஒருவர் பின் ஒருவராகவே செல்ல வேண்டும். பின்னால் ஒளிரும் சிவப்பு வில்லையும், குடிநீரும், முதலுதவிப் பெட்டியும், பஞ்சர் ஒட்டத் தெரிந்த ஒருவரும் உடன் இருக்கட்டும். காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவித்துவிடுவது நல்லது.

பணத்தைக் கையாளுவது இதனினும் நுட்பமானது. சில சட்டங்களை அறிந்திருத்தல் வேண்டும். நம் நாட்டில் வாழும் தனிநபர் ஒருவர் வங்கி வழியாக ரிசர்வ் வங்கியின் ஆண்டு வரம்புக்குள் வெளிநாட்டுக்கு அன்பளிப்போ நன்கொடையோ அனுப்பலாம். ஆனால், ஜமாஅத்தும் அறக்கட்டளையும் சங்கமும் அந்த ஏற்பாட்டைப் பயன்படுத்த முடியாது. தெரிந்தவர் மூலம் உண்டியல் முறையில் அனுப்புவதோ சட்டவிரோதம். நல்ல நோக்கம் அதை நல்ல செயலாக்கிவிடாது. எனவே, அரசு அறிவிக்கும் நிவாரண நிதி, உலகச் செஞ்சிலுவை–செம்பிறை இயக்கத்தின் அங்கமான இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற நேரிய வழிகளில் சேர்ப்பதே பாதுகாப்பானது. குறிப்பிட்ட பேரிடருக்கு அங்கே நிதி ஏற்கிறார்களா என்பதைப் பயணத்துக்கு முன்பே கேட்டறிந்து, வாக்களிப்பவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

வளைகுடாவிலும் மலேசியாவிலும் உள்ள உறவினர்கள் பணம் தர விரும்பினால் இன்னொரு சட்டம் குறுக்கிடும். 2010 ஆம் ஆண்டின் அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது அயல்நாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படுவதில்லை. ஆனால், அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினரிடமிருந்து சங்கமோ அறக்கட்டளையோ நன்கொடை பெற வேண்டுமானால், அச்சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். "என் சாச்சாதானே!" என்று இருந்துவிடக் கூடாது. அவரை அங்குள்ள தொண்டு நிறுவனத்துக்கே நேராகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கணக்கு என்பது அமானிதம். வசூலானது எவ்வளவு, வாக்களித்தும் வராதது எவ்வளவு, சேர்த்த இடம் எது, ரசீது எண் என்ன என்பனவற்றை ஒரு தாளில் எழுதி, ஜுமுஆவுக்குப்பின் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். பயணச் செலவை ஓட்டுபவர்களே ஏற்பது சிறப்பு. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 1980 இல் 36 பேர் கூடிப் புற்றுநோய் ஆய்வுக்காக ஒரு மிதிவண்டிப் பயணம் தொடங்கினார்கள். முதலாண்டு சேர்ந்தது சுமார் 10,000 டாலர். ஆண்டுதோறும் தவறாமல் தொடர்ந்த அந்தப் பயணம் இதுவரை திரட்டியது 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ஓட்டுபவர்கள் திரட்டும் பணத்தில் ஒரு காசும் நிர்வாகச் செலவுக்கு எடுக்கப்படாமல் முழுதும் ஆய்வுக்கே செல்கிறது என்பதும் அந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம்.

உள்ளூருக்கும் ஒரு பங்கு ஒதுக்க விரும்பினால், தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: "பாதி இலங்கை மலைநாட்டுக்கு, பாதி நம் மீனவக் குடும்பங்களுக்கு" என்று. கொடுப்பவர் ஒப்புக்கொண்டு கொடுக்கட்டும். ஆனால், இலங்கைக்கு என்று சொல்லி வாங்கிய பணத்தைப் பின்னர் வேறெந்த நல்ல காரியத்துக்கும் திருப்பிவிடக் கூடாது. கொடுத்தவரின் நோக்கம் மீறப்படக் கூடாத ஒன்று.

பொருளாக வாங்கி அனுப்பும் ஆசையும் வேண்டாம். ஆழிப்பேரலைக்குப்பின் நாகப்பட்டினச் சாலையோரங்களில் பழைய துணிகள் மலைபோல் குவிந்து, உடுத்துவாரின்றிக் கிடந்ததை நாம் மறந்துவிடவில்லை. துயருற்றவருக்கும் தன்மானம் உண்டு. தமக்கு எது தேவை என்பதை அவர்களே அறிவார்கள்.

தாய்மார்களுக்கு ஒரு சொல்

இல்லத்தரசியரே! இந்தப் பணியில் உங்கள் பங்கும் பெரிது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரமாயிரம் பெண்கள் மிதிவண்டி கற்றுக்கொண்டார்கள். அவர்களில் நம் சமுதாயப் பெண்களும் இருந்தார்கள். குடம் சுமக்கவும், பொருள் விற்கவும், பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் அந்தச் சக்கரங்கள் அவர்களுக்கு உதவின. இன்று பிளஸ் ஒன் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அரசே மிதிவண்டி வழங்குகிறது. அது பள்ளிக்குப் போய்வர மட்டுமல்ல, பிறருக்கு உதவவும் பயன்படும் என்பதைச் சொல்லிக் கொடுப்பது நீங்கள்தான். ஓட்டப் போகும் பிள்ளை எதற்காக ஓட்டுகிறான் என்று தம்பி தங்கையருக்கு விளக்குங்கள். உலகப் படத்தை விரித்து அந்த நாட்டைக் காட்டுங்கள். அங்கே இழந்து நிற்கும் தாய் ஒருத்தியைப் பற்றிப் பேசுங்கள். அவளுக்காக ஒரு துஆ கேட்கச் சொல்லுங்கள். பணம் அனுப்பி முடிந்தபின்னும் அந்த உணர்வு பிள்ளைகளின் நெஞ்சில் தங்கியிருக்கும்.

முஃமின்கள் ஓர் உடலைப் போன்றவர்கள், ஓர் உறுப்பு நோயுற்றால் உடல் முழுவதும் உறக்கமின்றிக் காய்ச்சலுறும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உவமை கூறினார்கள். காலில் முள் தைத்தால் கண் அழுகிறது, கை எடுக்கிறது. "கால் எங்கோ கீழே கிடக்கிறது, எனக்கென்ன?" என்று கண் கேட்பதில்லை. இலங்கை மலைச்சரிவும் துருக்கியின் இடிபாடும் நம் கழிமுகத்து எண்ணெய்ப் படலமும் ஒரே உடலின் வலிகளே.

பழவேற்காட்டின் சின்னப் பள்ளிவாசலில் பழமையான நிழற்கடிகாரம் ஒன்று உண்டு. கதிரவனின் நிழல் நகர்வதைக் கொண்டு தொழுகை நேரத்தை அது காட்டும். ஓசையில்லை, ஆரவாரமில்லை. ஆயினும் அதைப் பார்த்து மக்கள் எழுந்து நிற்பார்கள். நம் இளைஞர்களின் மிதிவண்டிச் சக்கரங்களும் அவ்வாறே ஆரவாரமின்றிச் சுழன்று, உதவ வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதை நமக்கு உணர்த்தட்டும்.

நம் பிள்ளைகளின் கால்களுக்கு வலிமையையும், உள்ளங்களுக்குத் தூய்மையையும், வழிகளுக்குப் பாதுகாப்பையும், நாம் கொடுக்கும் சிறு தொகைக்குப் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.